ஒன்பது அசைகளும் ஒரு காண்டாமிருகமும்

என் அப்பாவின் தங்கையை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் லிஃப்ட் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். லிஃப்டில் ஏறியதும் "கதவு மூடுகிறது" என்று ஒரு பெண் குரல் சொல்லுமே, அது அத்தை. வங்கிக்குப் போன் செய்தால் "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று இருபது நிமிடம் காக்க வைப்பதும் அத்தைதான். அவள் பேசுவதைப் பதிவு செய்கிறவர் அவள் கணவர். நாள் முழுக்க எதையாவது அமுக்கிக்கொண்டே இருப்பதால் அவருக்குப் பட்டன் மாமா என்று பெயர்.

அவர்களுடைய ஸ்டூடியோ வீட்டுக்குள்ளேயே இருந்தது. இரண்டாவது படுக்கையறையை நடுவில் ஒரு கண்ணாடி வைத்துத் தடுத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தை, மைக், ஒரு ஸ்டூல், ஓர் ஈரத்துண்டு. ஃபேன் போட்டால் மைக்கில் புயலடிக்கும் என்பதால் துண்டுதான் கதி. இந்தப் பக்கம் மாமா, கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், விருந்தாளிக்கு ஒரு நாற்காலி. அத்தை உள்ளே பேசுவது மைக் வழியாக இங்கே கேட்கும். மாமா ஒரு சிவப்புப் பட்டனை அமுக்கிக்கொண்டு பேசினால் அவள் ஹெட்போனில் கேட்கும். அத்தையின் அறைக் கதவில் பழைய மெத்தையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே வெடி வெடித்தாலும் வெளியே மூச்சுக்கூடக் கேட்காது.

இருவரும் தொழிலில் கெட்டி. ஒருமுறை ஒரு வங்கிக்காக "எண் ஏழை அழுத்தவும்" என்று அத்தை பேசியிருந்தாள். 'ஏழையை ஏற்கனவே போதுமான அளவு அழுத்தியாகிவிட்டது' என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் கடிதம் எழுதிவிட்டார். அன்றிலிருந்து மாமா எந்தத் தாள் வந்தாலும் பென்சிலை எடுத்து "ஏழாம் எண்ணை" என்று திருத்திவிடுவார். "எந்த எண்ணெய்?" என்று இன்னொருவர் எழுதிக் கேட்டதை மட்டும் அவர் கண்டுகொள்ளவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த ஆஸ்பத்திரி வேலையைப் பற்றி. இதை அத்தையிடமும் மாமாவிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். யார் முதலில் சிரித்தது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இருவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். மாமா கை கழுவிவிட்டு ஈரக்கையை ஜன்னல் திரையில் துடைத்தார். அதைச் சமையலறையிலிருந்து பார்த்த அத்தை, தெருக்கோடிவரை கேட்கும்படி ஒரு சத்தம் போட்டாள். மாமா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"மச்சான், உங்க தங்கச்சிக்கு ரெண்டு குரல். நல்லது ஊருக்கு. மிச்சம் மீதி எனக்கு."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான், மறைப்பானேன். அத்தை சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியை மெதுவாக வைத்தாள். அந்த மெதுவைப் பார்த்தே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "போச்சு," என்றாள் என் காதில்.

அன்று முதல் அத்தை வீட்டில் வாயைத் திறக்கவில்லை. தாளில் எழுதியிருப்பதை மைக் முன்னால் படிப்பாள், அவ்வளவுதான். திங்கட்கிழமை மாமா, 'நான் என்ன இல்லாததையா சொல்லிட்டேன்' என்ற தோரணையில் திரிந்தார். செவ்வாய்க்கிழமை அடிக்கடி இருமிப் பார்த்தார். புதன்கிழமை, "உப்பு எங்க இருக்கு?" என்று கேட்டார். உப்பு டப்பா ஒரு வார்த்தையும் இல்லாமல் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தது. வியாழக்கிழமை ஒரு தந்திரம் செய்தார். மளிகைக்கடைச் சங்கிலி ஒன்றுக்கான வரிகளுக்கு நடுவே, "எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது" என்று ஒரு வரியைத் தானே தட்டச்சு செய்து சேர்த்துவிட்டார். அத்தை அந்த வரிக்கு வந்தாள். "எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது" என்று, கதவு மூடுகிறது என்பதைப் போலவே ஏற்ற இறக்கமில்லாமல் படித்தாள். மூச்சு எடுத்தாள். "எங்கள் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து மக்கள் தொடர்பு அலுவலர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மடியில் ஒரு ஃபைல், ஃபைலுக்குள் முப்பத்தெட்டு வரிகள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியின் புதுத் தொலைபேசி அமைப்பு தொடங்குகிறது, அதற்குள் எல்லாம் தயாராக வேண்டும் என்றார். சிரிப்பதற்கென்று அவர் முகத்தில் இடமே ஒதுக்கவில்லை என்று மாமாவுக்குத் தோன்றியதாம்.

இருபத்திரண்டு வரிகள் தடங்கலில்லாமல் போயின. இதயம், சிறுநீரகம், எலும்பு, குழந்தைகள். அத்தை நூல் பிடித்த மாதிரி பேசினாள். மாமா "ஓகே", "அடுத்தது" என்ற இரண்டு சொற்களைத் தாண்டவில்லை. இடையில் அத்தைக்குத் தாகமெடுத்தது.

"மேடம்," என்றாள் மைக்கில், "உங்க பக்கத்துல இருக்கிறவர்கிட்ட சொல்லுங்க. எனக்குத் தண்ணி வேணும்."

அலுவலர், அரை முழ தூரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணி வேணுமாம்."

"கேட்டுச்சு," என்றார் மாமா.

"உங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டின்னு சொன்னாங்களே."

"ஆமா."

"ஓ," என்றார் அலுவலர். ஃபைலைச் சற்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

இருபத்துமூன்றாவது வரி வந்தது. தாளில் அது ஒரு வரியில் அடங்காமல் உடைந்து கிடந்தது. மேலே 'ஓட்டோரைனோலாரி' என்று முடிந்து ஒரு சிறு கோடு. கீழே 'ங்காலஜி துறைக்கு ஏழாம் எண்ணை அழுத்தவும்' என்று தொடக்கம். அத்தை ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஓட்டோரைனோ லாரி," என்றாள். நின்றாள். "இங் காலேஜ் துறைக்கு."

"ஒன்ஸ் மோர்," என்றார் மாமா.

"ஓட்டோரைனா... ரானோ..."

"ஒன்ஸ் மோர்."

ஐந்தாவது தடவை அவள் தாளைக் கீழே வைத்துவிட்டாள். "மேடம், இது காது மூக்கு தொண்டைதானே? அப்படியே சொல்லிடலாமே."

மாமா பட்டனை அமுக்கிக் கொடுக்க, அலுவலர் பெருமூச்சு விட்டார். "நானும் சொன்னேன். எங்க பெரிய டாக்டர் ஒத்துக்க மாட்டேங்கிறார். காது மூக்கு தொண்டைன்னு சொன்னா ஏதோ உதிரி பாகம் விக்கிற கடை மாதிரி இருக்காம். முழுப் பேரும் வரணும், சரியா வரணும்னு லெட்டரே குடுத்திருக்கார்."

கடிதத்தை எடுத்து வாசித்தார். அதில் அந்தச் சொல்லை டாக்டர் தன் கையால் ஒன்பது துண்டுகளாகப் பிரித்து எழுதியிருந்தார். ஓ, ட்டோ, ரை, னோ, லா, ரிங், கா, ல, ஜி. ஏழாவது துண்டான 'கா'வுக்குக் கீழே மட்டும் தாள் கிழியும் அளவுக்கு மூன்று கோடுகள். 'அழுத்தம் இங்கே. வேறெங்கும் கூடாது.'

சிக்கலே அதுதான். நாம் ஒரு சொல்லின் எல்லா எழுத்துக்கும் ஏறக்குறைய சம மரியாதை கொடுத்துப் பேசிப் பழகியவர்கள். அத்தையின் பிழைப்பே அந்தச் சமத்தில்தான் ஓடியது. ஒரு எழுத்தைக்கூட உயர்த்தாமல், ஒரு எழுத்தையும் தாழ்த்தாமல் பேசுவதற்காகத்தான் அவளைத் தேடி வந்தார்கள். அவளிடம் போய் ஒன்பதில் ஒன்றை மட்டும் தூக்கு என்றால்? 'கா'வை நினைத்தால் 'லாரி' கனத்தது. 'லாரி'யைக் கட்டுப்படுத்தினால் 'ரை' துள்ளியது. ஒருமுறை 'கா'வைச் சரியாகத் தூக்கினாள். அது காக்காயை விரட்டுகிற மாதிரி வந்தது.

மாமாவுக்குத் தொழில் பக்தி உண்டு. மனைவியோடு பேச்சு இல்லையென்றாலும் ஆர்ட்டிஸ்டுக்கு உதவுவது கடமை. அலுவலரிடம் திரும்பி, ஒவ்வொரு துண்டுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டார். அர்த்தம் தெரிந்தால் நாக்குக்கு வழி தெரியும் என்பது அவர் கொள்கை.

"ஓட்டோன்னா காது. ரைனோன்னா மூக்கு. லாரிங்ஸ்னா குரல்வளை. கடைசில வர்றது படிப்பு, துறை, அந்த மாதிரி," என்றார் அலுவலர்.

"ரைனோன்னா காண்டாமிருகம் இல்லையா?"

"அதுக்கும் மூக்கை வச்சுதான் பேரு. மூக்குல கொம்பு இருக்கில்ல, அதனால."

மாமா தலையாட்டினார். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் சிவப்புப் பட்டனை அமுக்கி, கண்ணாடியைப் பார்க்காமல், அறிவிப்புப் பலகையிடம் பேசுவது போலப் பேசினார்.

"ஆர்ட்டிஸ்ட் கவனத்துக்கு. மொத்தமா பாக்காதீங்க. வரிசையா பாருங்க. முதல்ல ஒரு ஆட்டோ போகுது. அதுக்குப் பின்னாடி ஒரு காண்டாமிருகம். அதுக்குப் பின்னாடி ஒரு லாரி. லாரி பின்னாடி ஒரு 'ங்' தொங்குது. அது விழுந்துடக் கூடாது. அப்புறம் எல்லாரும் காலேஜுக்குப் போறாங்க. காலேஜ் கேட்டுலதான் அழுத்தம். ரெடி?"

அவர் இதை முழு மனதோடு, ஒரு துளி விளையாட்டும் இல்லாமல்தான் சொன்னார். இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

அத்தை தாளைக் கையில் எடுத்தாள். "ஓட்டோ," என்றாள், அழகாக. "ரைனோ," என்றபோது அவள் கண்முன்னே அந்தக் காண்டாமிருகம் வந்து நின்றது. சும்மா நிற்கவில்லை. முன்னால் போகும் ஆட்டோவை நிறுத்தக் கையைக் காட்டியது. அத்தையின் மூக்கிலிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்தது.

"ஒன்ஸ் மோர்," என்றார் மாமா.

"ஓட்டோ ரை..."

விசில்.

"ஒன்ஸ் மோர்."

அத்தை கன்னத்தின் உட்புறத்தைக் கடித்தாள். ஐந்து நாள் கோபத்தை நினைத்தாள். ஜன்னல் திரையை நினைத்தாள். செத்துப்போன தூரத்துச் சித்தப்பாவை நினைத்தாள். அந்தச் சித்தப்பா நினைவில் வந்ததும் அவரும் லாரியில் ஏறிவிட்டார். அவ்வளவுதான். உள்ளே மடை திறந்துகொண்டது. கம்ப்யூட்டர் திரையில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்த கோடுகள் எல்லாம் சிவப்பாகி உச்சியில் முட்டின. மாமா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார்.

"சிரிக்கிற விஷயம் இல்ல இது," என்றார் அலுவலர், தானே சிவப்புப் பட்டனை அமுக்கி. "எத்தனை நோயாளிங்க கேக்கப் போறாங்க."

"சாரி மேடம். சாரி. சாரி." மூன்றாவது சாரி பாதியிலேயே உடைந்தது.

மாமா உதட்டை இறுக்கிக்கொண்டு பட்டனை அமுக்கினார். "ஒன்ஸ்," என்றார். 'மோர்' வரவில்லை. வாயை மூடினார். மறுபடி அமுக்கினார். "ஒ..." என்பதோடு அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டார். அவர் அடக்க முயன்று பொங்கிய சத்தம் முழுவதும் அத்தையின் காதுக்குள் நேராகப் போனது. அங்கே சற்று ஓய்ந்திருந்த சிரிப்பு மறுபடி பற்றிக்கொண்டது. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். ஒருவர் ஓய்ந்து நிமிர்ந்தால் மற்றவர் முகம் தெரியும். மறுபடி குனிவார்கள்.

"என்ன இது சின்னப் பிள்ளைங்க மாதிரி," என்று அலுவலர் எழுந்து நின்றார். "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. நான் சொல்றேன் கேளுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கடிதத்தை நீட்டிப் பிடித்தார். "ஆட்டோ..."

நிறுத்தினார்.

"ஓட்டோ," என்று திருத்தினார். "ஓட்டோ, காண்டா..."

கடிதத்தை மேசைமேல் வைத்தார். சங்கிலியில் தொங்கிய கண்ணாடி நெஞ்சில் குதிக்கத் தொடங்கியது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, சமையலறைப் பக்கம் போய்விட்டார். அங்கிருந்து பாத்திரம் ஒன்று உருளும் சத்தமும், இருபத்தைந்து வருட அலுவலக வாழ்வில் சேர்த்து வைத்த ஒரு சிரிப்பும் கேட்டன.

அத்தை ஈரத்துண்டில் முகத்தைத் துடைத்தாள். மூச்சு இன்னும் சீராகவில்லை. துண்டுக்குள்ளிருந்தே, யோசிக்காமல், கேட்டாள்.

"ஏங்க, அந்தக் காண்டாமிருகம் ஆட்டோவுல ஏறிடுச்சுன்னா, முன்னாடி உக்காருமா, பின்னாடியா?"

கேட்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. துண்டை இறக்கினாள். ஐந்து நாளைக்குப் பிறகு வந்த முதல் 'ஏங்க'. லிஃப்ட் குரல் அல்ல அது. சிரித்துச் சிரித்துக் கம்மிப்போன வீட்டுக் குரல்.

மாமா பட்டனைத் தேடினார். "பின்னாடிதான்," என்றார். "டிரைவர் பக்கத்துல இடம் பத்தாது."

"மூணு சீட்டும் அதுக்கே போயிடும்."

"ஆமா."

பிறகு மாமா பட்டனை அமுக்கியபடியே சொன்னார். "அன்னைக்கு உங்க அண்ணன் வீட்டுல நான் பேசினது தப்பு. நாலு பேரைச் சிரிக்க வைக்கணும்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

"மேடம் இருக்காங்க," என்றாள் அத்தை.

"மேடம் கிச்சன்ல இருக்காங்க. இந்த அஞ்சு நாள் வீடு எப்படி இருந்துச்சு தெரியுமா? பேங்க்குக்குப் போன் பண்ணிட்டு காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு. நீ கத்தினாத்தான் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

"நான் கத்தறேனா?"

"இல்ல. சத்தமா சொல்றே."

"நான் எதையும் கேக்கல," என்று சமையலறையிலிருந்து அலுவலரின் குரல் வந்தது. "நீங்க பேசுங்க. நான் தண்ணி குடிக்கிறேன்."

சமாதானம் ஆகிவிட்டது. சொல் ஆகவில்லை. மூவரும் முகம் கழுவினார்கள், டீ குடித்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேறு வேறு திசையில் உட்கார்ந்துகொண்டார்கள். அத்தை மறுபடி உள்ளே போனாள். 'ரை' என்ற இடத்தில் விசில் தவறாமல் வந்தது. பன்னிரண்டு மணிக்கு மாமா வேறு வழி பார்த்தார். ஒன்பது துண்டுகளையும் தனித்தனியாகச் சொல்லச் சொன்னார். அவற்றைக் கம்ப்யூட்டரில் வெட்டி வரிசையாக ஒட்டினார். போட்டுக் கேட்டார்கள். ஒன்பது பேர் ஒருவர்பின் ஒருவராக மாடிப்படியில் உருண்டு விழுவது போலிருந்தது. அதிலும் 'கா' மட்டும் மேல்மாடியிலேயே நின்றுவிட்டது. மறுபடி எல்லோரும் முகம் கழுவ வேண்டியதாயிற்று.

கடைசியில் அலுவலர் துணிந்தார். "பெரிய டாக்டருக்கே போன் போடறேன். அவர் ஒரு தடவை சொல்லிக் காட்டட்டும். தயவுசெஞ்சு யாரும் சத்தம் போடாதீங்க." போனோடு அத்தையின் அறைக்குள் போய், அதை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். மாமா பதிவை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"யெஸ்?" என்றது ஒரு கனத்த குரல்.

அலுவலர் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் அந்தச் சொல்லை ஒரே மூச்சில், வழுக்குப் பாறையில் தண்ணீர் போவது போலச் சொல்லிக் காட்டினார். "கா-வுல ஏறணும். ஏறின உடனே இறங்கணும். அவ்வளவுதான். இதுல என்ன கஷ்டம்?"

அத்தை துண்டை வாயில் திணித்துக்கொண்டாள். ஆனாலும் ஒரு கேவல் போல ஏதோ வெளியே வந்தது.

"என்ன சத்தம் அது? யாராவது அழறாங்களா?"

"இல்ல சார்," என்றார் அலுவலர் அவசரமாக. "ஆர்ட்டிஸ்டுக்குத் தொண்டை கொஞ்சம் சரியில்ல."

சொல்லக் கூடாத ஆளிடம் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. போனில் டாக்டரின் குரலே மாறிப்போனது. அதட்டல் போய்ப் பரிவு வந்தது.

"தொண்டையா? எத்தனை நாளா? முழுங்கும்போது வலி இருக்கா?"

"இல்ல டாக்டர்," என்றாள் அத்தை பயந்துபோய்.

"குரல் கம்மியிருக்கே. நாள் பூரா பேசற தொழில், அலட்சியமா இருக்கக் கூடாதும்மா. நிமிர்ந்து உக்காருங்க. வாயைத் திறந்து 'ஆ' சொல்லுங்க."

அத்தை கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்தாள். மாமா 'சொல்லு' என்று தலையை ஆட்டினார்.

"ஆ."

"இன்னும் நீளமா."

"ஆஆஆ."

"நாக்கை விறைக்காதீங்க. தோளை இறக்குங்க. இப்ப 'கா'."

"கா."

"அடித்தொண்டைலேருந்து. கா."

"கா."

"காலஜி."

"காலஜி."

"நல்லாருக்கு. ரிங்காலஜி."

"ரிங்காலஜி."

"லாரிங்காலஜி."

"லாரிங்காலஜி."

அவள் தன் தொண்டையைப் பற்றிய கவலையில் இருந்தாள். ஏதாவது பெரிதாக இருக்குமோ, நாளை வேலைக்கு என்ன செய்வது என்று அவள் மனம் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் வாலிலிருந்து தலையை நோக்கி ஒவ்வொரு துண்டாகக் கோத்துக்கொண்டே போனார். அவளும் மருந்து குடிப்பது போல ஒவ்வொன்றாக வாங்கிச் சொல்லிக்கொண்டே போனாள்.

"ரைனோலாரிங்காலஜி."

"ரைனோலாரிங்காலஜி."

காண்டாமிருகம் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. மாமா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அலுவலர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓட்டோரைனோலாரிங்காலஜி."

"ஓட்டோரைனோலாரிங்காலஜி," என்றாள் அத்தை. 'கா' ஏறியது. ஏறிய உடனே இறங்கியது. ஒன்பதும் ஒரே நூலில் கோத்த மாதிரி வந்து நின்றன.

"தொண்டைல ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டர். "வெந்நீர் குடிங்க. அனாவசியமா கத்தாதீங்க." போனை வைத்துவிட்டார்.

மாமா துள்ளி எழுந்து, கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினார். "வந்துடுச்சு! வந்துடுச்சு!" அவ்வளவு கனமான மெத்தைக் கதவை அவர் அப்படித் திறந்து யாரும் பார்த்ததில்லை. அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன வந்துடுச்சு? தொண்டைல ஏதாவது வந்துடுச்சா?" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அலுவலர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். பிறகு, தான் ஆஸ்பத்திரியின் அலுவலர் என்பதை மறந்து, அந்தச் சின்ன அறையில் அவளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். மைக் சாய்ந்தது. மாமா அதைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. மாமா அந்த ஒரு சொல்லைச் சுத்தமாக வெட்டி எடுத்து, 'துறைக்கு ஏழாம் எண்ணை அழுத்தவும்' என்பதோடு சேர்த்து, காலையில் பேசிய வரிகளுக்கு நடுவில் வைத்துப் போட்டுக் காட்டினார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஒரு வரியில் ஒரு மனுஷி இருந்தாள், கொஞ்சம் கம்மிப்போய், கொஞ்சம் கதகதப்பாக. மற்ற இருபத்திரண்டும் ஐந்து நாள் கோபத்தோடு பேசியவை. "இதய நோய்க்கு இரண்டாம் எண்ணை அழுத்தவும்" என்பது, தைரியமிருந்தால் அழுத்திப் பார் என்பது போலிருந்தது. பிரசவப் பிரிவுக்கான வரி நீதிமன்றச் சம்மன் மாதிரி கேட்டது.

"காலைல எனக்கு இது தெரியவே இல்லையே," என்றார் அலுவலர்.

"எனக்குத் தெரிஞ்சுது," என்றார் மாமா. "வாயைத் திறக்க பயமா இருந்துச்சு."

"முதல்லேருந்து போயிடலாமா?"

"போயிடலாம்," என்றாள் அத்தை, ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டு. "இந்தத் துண்டை மட்டும் நனைச்சுக் குடுங்க."

மாலை ஐந்தரைக்குள் முப்பத்தெட்டும் முடிந்தன. அலுவலர் கிளம்பும்போது செருப்பை இடம் மாற்றி மாட்டிக்கொண்டு, அது தெரியாமலே இரண்டு மாடி இறங்கிப் போனாராம். அவர் போனதும் அத்தை ஐந்து நாளில் சொல்லாமல் விட்ட எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். கீழ்வீட்டில் குழாய் வெடித்தது, என் அம்மா செவ்வாய்க்கிழமை போன் செய்தது, மாமாவின் நீலச் சட்டையில் இஸ்திரிக்காரர் போட்ட கறை, உப்பு டப்பா இருந்த இடம் இருபது வருடமாக ஒரே இடம் என்பது. மாமா நடுவில் ஒரு தடவைகூட 'அடுத்தது' என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை புது அமைப்பு தொடங்கியது. பதினோரு மணி இருக்கும், ஸ்டூடியோ போன் அடித்தது. அத்தைதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்களைத்தாம்மா தேடறேன்," என்றது அந்தக் கனத்த குரல். "காலைலேருந்து என் துறைக்கு நூத்துப் பத்துப் போன் வந்துடுச்சு. முட்டி வலிக்காரங்க எல்லாம் ஏழை அழுத்தறாங்க. ஏன்னு கேட்டா, அந்தம்மா சொல்றது நல்லாருக்கு, இன்னொரு தடவை கேக்கலாம்னு அழுத்தினோம்ங்கிறாங்க. எனக்கு சந்தோஷந்தான். ஒரே ஒரு குறை. போனை எடுக்கிற பொண்ணுங்களால அந்தப் பேரைச் சொல்ல முடியல. ஹலோன்னு மட்டும் சொல்றாங்க."

"நீங்க சொல்லிக் குடுங்க டாக்டர்," என்றாள் அத்தை. "மன்னிக்கணும், உங்க பேருக்குப் பக்கத்துல என்ன டாக்டர்னு போடணும்? எங்க நோட்டுல குறிச்சுக்கணும், அதான்."

"நானா?" என்றார் அவர். "நான் ஈ.என்.டி."

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா சுவரைப் பார்த்தார். அத்தை போனை மிக மெதுவாக மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, மைக் அறைக்குள் ஓடிப்போய் மெத்தைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சுவரில் சாய்ந்து மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குவது மட்டும் தெரிந்தது.

"சொல்லுங்க டாக்டர்," என்றார் மாமா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "குறிச்சுக்கிட்டோம்."